சூடானா நிக்கும், ஆறினா ஓடும்

வண்டிக்கு வரும் வியாதிகளிலேயே மோசமானது எது என்று கேட்டால், ஒரேயடியாகப் படுத்துவிடுவது இல்லை. படுத்த வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்ப் போட்டால் யாராவது பார்த்துச் சரி பண்ணிவிடுவார்கள். மோசமானது, நடுரோட்டில் பொசுக்கென்று நின்று, நம்மை அரை மணி நேரம் வெயிலில் காயவிட்டு, அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகி, மெக்கானிக் முன்னால் சமத்துக் குழந்தையாக நிற்பதுதான்.

"சாப், காடி தோ ஏக்தம் டீக் ஹை" என்பார் அவர். வண்டி நன்றாகத்தானே இருக்கு என்று அர்த்தம். நமக்கு வாயடைத்துப் போகும்.

நாக்பூரில் எங்கள் வண்டிக்கு 2024 மே மாதம் வந்தது இந்த வியாதி. 2012 மாடல் பெட்ரோல் கார், சின்ன வண்டிதான். இந்த ஊர் மே மாதம் எப்படி இருக்கும் என்று இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 44, 45 டிகிரி எல்லாம் இங்கே பேப்பரில் முதல் பக்கச் செய்தி கூட இல்லை. வண்டி நிற்பது மட்டும் என்றால் ஆட்டோவில் ஆபீஸ் போய் ஆணி புடுங்கிக்கொண்டு இருந்திருப்பேன். அந்த வண்டியில்தான் வாரம் இரண்டு நாள் அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறோம். அதுதான் விஷயம்.

டயாலிசிஸ் நோயாளிகள் வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு வெளியே வரும்போது மனுஷன் துவைத்துப் பிழிந்த வேட்டி மாதிரி இருப்பார். பிரஷர் இறங்கியிருக்கும். தாகம் எடுக்கும், ஆனால் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியாது. டாக்டர் சொன்ன அளவுதான். அப்படிப்பட்டவரைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு அஜ்னி சௌக் பக்கம் மத்தியானம் ஒன்றரை மணிக்கு வண்டி நின்றது. பின்னால் ஹாரன். ஏசி செத்துப்போய் ஐந்தே நிமிஷத்தில் உள்ளே அடுப்பு. "எனக்கு ஒண்ணுமில்லடா, நீ வண்டிய பாரு" என்று அவர் சொன்ன குரலே சரியில்லை. நான் வண்டியைப் பார்க்கவில்லை. இரண்டு பேரைக் கூப்பிட்டு ஓரமாகத் தள்ளிவிட்டு, ஆட்டோ பிடித்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அப்புறம்தான் வந்து பார்த்தேன். முப்பத்தைந்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால், முதல் சுற்றிலேயே ஸ்டார்ட்!

இதற்கு அப்புறம் தங்கமணி சொன்னது ஒரே வரி. "ஆடிட் வந்தா நீங்க வர மாட்டீங்க, நான்தான் ஓட்டணும். நிக்காதுன்னு உறுதியா தெரியாம மாமாவ இதுல ஏத்த மாட்டேன்." நியாயம்தானே.

வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். முதல் தடவை, ஒன்றும் இல்லை என்று கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை பேட்டரி டெர்மினலைச் சுத்தம் பண்ணினார்கள். மூன்றாம் தடவை, 'ஈசிஎம் போயிருக்கும், 28 ஆயிரம் ஆகும்' என்றார்கள். வண்டியின் மூளை அது. எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "பெரும்பாலும் அதுதான் சார்" என்று பதில். வவுச்சர் இல்லாமல் டெபிட் போடும் பழக்கம் எனக்குக் கிடையாது. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வழி காட்டியது அப்பாவின் டயாலிசிஸ் சார்ட்தான். அவருக்கு மூன்றாவது மணி நேரத்துக்கு மேல்தான் பிரஷர் இறங்கும். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது எல்லாம் நார்மலாக இருக்கும். ஆனால் அவர் அதைப் பார்த்து ஏமாறுவதில்லை. நர்ஸ் அரை மணிக்கு ஒரு தடவை எழுதி வைத்திருக்கும் சார்ட்டைத்தான் முதலில் எடுப்பார். வியாதி வரும்போது டாக்டர் இருக்க முடியாது, ஆனால் குறிப்பு இருக்கும். வண்டிக்கும் இதையே பண்ணினால் என்ன?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி டேஷ்போர்டில் போட்டேன். தேதி, நேரம், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, நின்றபோது என்ன செய்துகொண்டிருந்தோம், பெட்ரோல் எவ்வளவு, மறுபடி ஸ்டார்ட் ஆக எத்தனை நிமிஷம். அப்பாவை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, வண்டியைத் தனியாக ஓட்டி ஓட்டியே இதை எழுதினேன். மூன்று வாரத்தில் ஆறு தடவை நின்றது. ஆறையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது சில விஷயம் தெளிவாச்சு.

ஒன்று, வெளி வெயிலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. காலை ஏழரைக்கும் நின்றிருக்கிறது, ஆனால் முக்கால் மணி நேரம் டிராஃபிக்கில் ஊர்ந்த பிறகு. இரண்டு, ஹிங்கன்காட் வரைக்கும் ஹைவேயில் போய்வந்தபோது ஒரு தடவை கூட நிற்கவில்லை. காற்று அடித்துக்கொண்டே இருந்தால் பிழைத்துக்கொள்கிறது. மூன்று, ஆறில் இரண்டு தடவை ஓடும்போது நிற்கவே இல்லை. பத்து நிமிஷம் கடையில் நிறுத்திவிட்டு வந்து எடுத்தபோதுதான் மக்கர் பண்ணியது. நாலு, பெட்ரோல் அதிகமா குறைவா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மூன்றாவது விஷயம் விசித்திரமாகத் தோன்றும். நிறுத்தினால் ஆறத்தானே வேண்டும்? இல்லை. என்ஜினை அணைத்தவுடன் தண்ணீர் சுற்றுவதும் நின்றுவிடும், முன்னாலிருந்து காற்று வருவதும் நின்றுவிடும். என்ஜின் இரும்பில் இருக்கும் சூடு மெதுவாக வெளியே ஏறி, பானட்டுக்குள் இருக்கும் வயர், சென்சார், காயில் எல்லாவற்றையும் ஓடும்போது இருந்ததை விட அதிகமாகச் சூடாக்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறங்க ஆரம்பிக்கும். ஆக, என்ஜினை ஒட்டி இருக்கும் ஏதோ ஒரு பொருள் சூட்டில் மயக்கம் போடுகிறது. காருக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் மூளை மேல் சந்தேகம் அப்போதே குறைந்துவிட்டது.

இனி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெட்ரோல் என்ஜின் ஓட மூன்றே மூன்று வேண்டும்: பெட்ரோல் கலந்த காற்று, அதை அழுத்தும் அழுத்தம், சரியான நேரத்தில் ஒரு பொறி. நின்ற வண்டியில் இதில் எது இல்லை என்று *நின்றிருக்கும்போதே* பார்க்க வேண்டும். ஆறின பிறகு பார்ப்பது, போன டிரெயினுக்கு டிக்கெட் செக் பண்ணுகிற மாதிரி.

அதற்கு முன்னால் ஒன்று. நல்லா இருக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்டுப்போனது தெரியும். ரீகன்சிலேஷனில் சரியான ஓப்பனிங் பேலன்ஸ் இல்லாமல் டிக் அடிக்க ஆரம்பித்தால் விடிய விடிய உட்கார வேண்டியதுதான். அதனால் ஒரு ஞாயிறு காலை, வண்டி ஜில்லென்று இருக்கும்போது பார்த்து வைத்துக்கொண்டேன். சாவியை 'ஆன்' வரைக்கும் திருப்பினால் பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி 'ங்ங்ங்' என்று முனகி நிற்கும். என் பெண் காதை வைத்துக் கேட்டு உறுதி பண்ணினாள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் பூஜ்யத்திலிருந்து லேசாக, ஒரு 200 அளவுக்கு, எழும்பி ஆடும். இரண்டையும் நோட்டில் எழுதியாச்சு. (எல்லா வண்டியிலும் முள் இப்படி ஆடாது. உங்கள் வண்டியில் ஆடுகிறதா என்று நல்ல நாளிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.)

ஏழாவது தடவை நின்றபோது நான் தயார். செல்ஃப் நன்றாகச் சுற்றியது, பேட்டரி மேல் குற்றம் இல்லை. சாவியை ஆன் பண்ணினால் பம்ப் முனகியது, பம்பும் அதன் ரிலேயும் உயிரோடு இருக்கின்றன. செல்ஃப் அடித்துக்கொண்டே முள்ளைப் பார்த்தேன். பூஜ்யம். அசையவே இல்லை.

என்ஜின் சுற்றுகிறது, எனக்குக் காது கேட்கிறது. ஆனால் வண்டியின் மூளைக்கு அது சுற்றுவதே தெரியவில்லை!

இங்கேதான் கிராங்க் சென்சார் என்பவர் வருகிறார். என்ஜினின் அச்சாணியோடு சேர்ந்து பல் வைத்த ஒரு சக்கரம் சுற்றும். அதற்கு எதிரே ஒரு மயிரிழை இடைவெளியில் உட்கார்ந்திருப்பார் இவர். உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி ரொம்ப மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் சின்ன மின்துடிப்பு ஒன்று கிளம்பி மூளைக்குப் போகும். அந்தத் துடிப்பை வைத்துத்தான் எப்போது பொறி விடுவது, எப்போது பெட்ரோல் பீய்ச்சுவது என்று மூளை கணக்குப் போடுகிறது. துடிப்பு வராவிட்டால், என்ஜின் நின்றுவிட்டது என்று நினைத்து இரண்டையும் நிறுத்திவிடும். விபத்து நடந்தால் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கக் கூடாதே, அதற்காகவும்தான் இந்த ஏற்பாடு. ஒரே நொடியில் இரண்டு பிராஞ்ச் பேசாமல் போனால், இரண்டுக்கும் பொதுவான லைனைத்தானே முதலில் பார்ப்போம்?

அந்தச் செம்புக் கம்பியில் எங்கேயாவது கண்ணுக்குத் தெரியாத வெட்டு விழுந்திருந்தால், ஆறியிருக்கும்போது இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டிருக்கும். சூட்டில் விரிந்தால் விலகும். ஆறினால் மறுபடி ஒட்டும். நோட்டில் எழுதியிருந்த ஒவ்வொரு வரிக்கும் இது பொருந்தியது.

ஆனாலும் இது சந்தேகம்தான், சாட்சி வேண்டும். நம்ம ஊராக இருந்தால் தாத்தா காலத்திலிருந்து தெரிந்த மெக்கானிக் ஒருத்தர் இருப்பார், பேச்சிலேயே வேலை நடந்துவிடும். இங்கே நமக்கு இருக்கும் ஹிந்தியில் காய்கறி பேரம் பேசலாம், என்ஜினைப் பற்றி வாதாட முடியாது. நம்பர் மட்டும்தான் எந்த மொழியிலும் பேசும்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வயசான மெக்கானிக், எல்லாரும் சாச்சா என்றுதான் கூப்பிடுவார்கள், சின்னக் கடை. நோட்டை அவரிடம் காட்டினேன். படிக்கத் தெரியாது என்று அவரே சிரித்துக்கொண்டு, "படித்துச் சொல்லுங்க சாப்" என்றார். கண்ணை மூடிக் கேட்டார். ஒரு தடவை கூட குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "முள் ஆடலையா? அப்ப சென்சார். ஆனா கழட்டிப் பாத்துதான் சொல்லுவேன்" என்றார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான்.

வண்டியை ஏசி போட்டு நிழலில்லாத இடத்தில் ஐடிலில் விட்டோம். ஐம்பது நிமிஷத்தில் நின்றது. பையன் ஒருத்தன் ஸ்கேனரை மாட்டினான். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரிலும் ஆர்பிஎம் பூஜ்யம். பிளக்கில் பொறி இல்லை. ஆனால் கோட் எதுவும் பதிவாகவில்லை. இந்தச் சென்சாருக்கு வழக்கமாக வரும் கோட் பி 0335. அது வந்தால் நல்லது, வராவிட்டால் சென்சார் நல்லது என்று அர்த்தம் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டி 'நோ ஃபால்ட்' என்று சொன்னது இதனால்தான்.

சாச்சா கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். சர்க்யூட்டே இல்லை, ஓப்பன். ஈரத் துணியை ஐஸ் தண்ணீரில் நனைத்து சென்சார் மேல் சுற்றினார். நாலு நிமிஷத்தில் மீட்டரில் 900 ஓம் பக்கம் வந்தது. கப்ளரை மாட்டிச் சாவி போட்டால், ஸ்டார்ட்! வழக்கமாக முப்பத்தைந்து நிமிஷம் எடுக்கும் வண்டி.

எனக்கு இன்னும் ஒரு டிக் பாக்கி இருந்தது. கோளாறு சென்சாரிலா, அதற்குப் போகும் வயரிலா? வயரையும் சேர்த்துத்தானே குளிர வைத்தோம். சாச்சாவிடம் கேட்டதும் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி சென்சாரைக் கையில் கொடுத்துவிட்டார். பெண்ணின் ஹேர் ட்ரையரை வீட்டிலிருந்து கொண்டுவந்தேன். (அதற்கு வாங்கிய திட்டு தனி.) மீட்டரை மாட்டிக்கொண்டு சூடு காட்டினோம். ஆறியபோது 860 ஓம். 900, 950, 1000 என்று சீராக ஏறியது. இது இயல்புதான், செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். ஆனால் ஆயிரத்தைத் தாண்டியதும் படக்கென்று ஓப்பன். ஆற வைத்தால் திரும்ப வந்தது. மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் அதே கதை. வயரைத் தனியாகச் சோதித்து ஆட்டியும் பார்த்தோம், சரியாக இருந்தது.

புது சென்சார் 1,150 ரூபாய். சாச்சா கூலி 200 கேட்டார், நான் 500 கொடுத்தேன். 28 ஆயிரம் கொடுத்து மூளையை மாற்றியிருந்தால் அதே பழைய சென்சாரோடு வண்டி மறுபடி நின்றிருக்கும், அப்பாவோடு.

மாற்றிய உடனே அப்பாவை ஏற்றவில்லை. தொடர்ந்து ஐந்து நாள் மத்தியானம் ஒரு மணி நேரம் டிராஃபிக்கில் ஓட்டி, பத்து நிமிஷம் நிறுத்தி, மறுபடி எடுத்து, நோட்டில் எழுதினேன். ஐந்து நாளும் சுத்தம். ஆறாம் நாள் தங்கமணி நோட்டை வாங்கி முதலிலிருந்து படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாவியை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு டயாலிசிஸுக்கு அவள்தான் ஓட்டினாள்.

எல்லா வண்டிக்கும் இதே காரணம் இருக்காது. சாச்சாவிடம் உட்கார்ந்து கேட்டதையும், நான் அலசிப் பார்த்ததையும் சேர்த்துச் சுருக்கமாகத் தருகிறேன். வண்டி சூட்டில் நின்றால், நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டியவை:

செல்ஃபே சுற்றவில்லையா? அது வேறு வியாதி. பேட்டரி, எர்த் வயர், செல்ஃப் மோட்டார் பக்கம் போங்கள்.

சுற்றுகிறது, முள் அசையவில்லை (வழக்கமாக அசையும் வண்டியில்): கிராங்க் சென்சார், அதன் கப்ளர், வயர். இரண்டு வயர் சென்சார் என்றால் பெரும்பாலும் ஓம் மீட்டரில் பிடிபடும். மூன்று வயர் என்றால் பெரும்பாலும் ஹால் வகை, ஓம் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, வேறு மாதிரி சோதிக்க வேண்டும்.

முள் ஆடுகிறது, பம்ப் முனகவில்லை: ஃப்யூஸ், ரிலே, பம்ப் மோட்டார். தேய்ந்த பம்ப் சூட்டில் மக்கர் பண்ணும்.

முள் ஆடுகிறது, பம்பும் ஓடுகிறது, பெட்ரோல் வாசனை தூக்குகிறது, பிளக் ஈரம்: பெட்ரோல் அதிகம். கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார் 'என்ஜின் ஜில்லென்று இருக்கு' என்று பொய் சொன்னால் இப்படி ஆகும். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பல வண்டிகளில் மூளை பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும், பிழைத்துக்கொள்ளும். பெட்ரோல் போட்ட உடனே மட்டும் இப்படி என்றால் டேங்க் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வைப் பாருங்கள்.

எல்லாம் சரி, பொறி மட்டும் இல்லை: இக்னிஷன் காயில். இதுவும் சூட்டில் மயங்கும் ஜாதிதான்.

பைக், ஸ்கூட்டர் என்றால் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டியும் எடுத்துக்கொண்டால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. செலவே இல்லை. அதுவும் இல்லை என்றால் வால்வ் கிளியரன்ஸ். இடைவெளி ரொம்பக் குறைந்துபோனால் சூட்டில் வால்வ் முழுசாக மூடாது, அழுத்தம் போய்விடும்.

கார்புரேட்டர் வண்டி இன்னும் வைத்திருப்பவர்களுக்கு வேப்பர் லாக் தெரியாமல் இருக்காது. பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகிவிடும். அம்பாசடர், பத்மினி டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத் துணி சுற்றியது சும்மா இல்லை. சாச்சாவுக்கு ஐஸ் துணி யோசனை வந்ததும் அங்கேயிருந்துதான்.

கோடை லீவில் ஊருக்கு வண்டியிலேயே போகிறவர்கள் நம்மில் நிறைய பேர். நாக்பூரிலிருந்து ஹைதராபாத் வரைக்குமே 500 கிலோமீட்டர். அடிலாபாத் தாண்டி, தெரியாத இடத்தில், குழந்தைகளோடு நின்றால் மேலே சொன்ன நாலு கேள்விக்கும் பதிலை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மெக்கானிக்குக்கும் அது போதும். 'அடிக்கடி நிக்குது' என்று சொன்னால் பர்ஸைப் பார்ப்பார்கள், 'செல்ஃப் சுத்துது, பம்ப் ஓடுது, முள் ஆடல' என்று சொன்னால் வண்டியைப் பார்ப்பார்கள்.

டிஸ்கி: ஓடும்போது நின்றால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக் இரண்டொரு மிதிக்குத்தான் இலகுவாக இருக்கும். பதறாமல், விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள், இண்டிகேட்டர் நாலும் போடுங்கள். செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். பெட்ரோல் வாசனை வந்தால் பொறி சோதனை எல்லாம் வேண்டாம். வயசானவர்கள், குழந்தைகள் இருந்தால் முதலில் அவர்களை நிழலுக்கு அனுப்புங்கள். வண்டி எப்படியும் ஆறினால் ஓடும்.